பழுது பார்த்த மறுநாள்

நேற்று மாலை கராஜிலிருந்து திரும்பிய மோட்டார் வண்டியின் கீழே இன்று காலை ஈரம் கண்டால், வீட்டுக்காரருக்கு முதலில் எழுவது சினம். அடுத்து எழுவது ஐயம். "ஒன்றைத் திருத்தக் கொடுத்தால் இன்னொன்றைக் கெடுத்துத் தந்துவிட்டார்கள்" என்னும் பேச்சைக் கல்முனையிலும் கேட்கலாம், சாய்ந்தமருதிலும் கேட்கலாம், அக்கரைப்பற்றிலும் கேட்கலாம். 2020 ஆம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் தனியார் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளையே திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. அதனோடு இந்தப் பேச்சும் பெருகியது. கராஜ்காரரோ பெரும்பாலும் அடுத்த தெருக்காரர்; பள்ளிவாசலில் நாள்தோறும் முகம் பார்க்க வேண்டியவர். ஆதலின் பழி சொல்லுமுன் காரணத்தை ஆராய்தல் நன்று.

அது எந்த நீர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். குளிர்சாதனம் பூட்டிய வண்டி நம் கரையோரப் புழுக்கத்தில் நின்ற இடத்திலே சொட்டுச் சொட்டாக நீர் விடும். அது காற்றின் ஈரம் வடிந்த நீர், நிறமில்லை, வழுவழுப்பில்லை. அதற்காக எவரையும் நோக வேண்டியதில்லை. பச்சையோ சிவப்போ கலந்து, விரலிடையே வழுக்குமாயின் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமே. அதனை நாவில் வைத்துப் பார்த்தல் கூடவே கூடாது. அதிற் பெரும்பாலும் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. தேங்கியதை உடனே கழுவிவிடுக. பிள்ளைகளும் பூனைகளும் உலவும் முற்றமன்றோ!

திருத்திய பின் ஏன் ஒழுகுகிறது? 1888 ஆம் ஆண்டில் பேர்த்தா பென்ஸ் அம்மையார் தம் மைந்தர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை கணவரின் வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழியிலே தண்ணீர் தேடித் தேடி ஊற்ற நேர்ந்தது. அவ்வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதனாலேயே எஞ்சின் குளிர்ந்தது. இன்றைய வண்டி ஒரே திரவத்தை மூடிவைத்துச் சுற்றவிடுகிறது. ரேடியேட்டர் மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பதைக் காணலாம். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே ஏறக்குறைய இன்னொரு பங்கு அழுத்தத்தை அது தாங்கி நிற்கும் என்பது பொருள். பிரஷர் குக்கரிற் போல, 100 பாகையிற் கொதிக்கும் நீர் அங்கே 120 பாகையை அணுகிய பின்னரே கொதிக்கும்.

பழைய மூடி தளர்ந்து அழுத்தத்தைக் கசியவிட்டிருந்த காலத்தில் இற்றுப்போன குழாயும் பிழைத்துக் கிடந்தது. புதிய மூடியைப் பூட்டியதும் முழு அழுத்தமும் எழ, வலிமை குன்றிய இடம் விட்டுக்கொடுக்கிறது. வோட்டர் பம்பை மாற்றும்போது கழற்றிப் பூட்டிய ரப்பர் குழாயும் அப்படித்தான். பல்லாண்டு ஒரே வடிவில் இறுகியது, மீண்டும் பூட்டும்போது பழைய தடத்தில் அமர மறுக்கும். கெஸ்கட் பதியும் முகத்தைச் சுரண்டித் துடைக்காமல் விட்டிருந்தால் அங்கும் கசியும். ஆதலின் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எதைக் கெடுத்தீர்கள்?" என்பதன்று, "காக்கா, எதை எதைக் கழற்றினீர்கள்?" என்பதே. கை பட்ட இடத்திலும் அதன் அயலிலும் தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஒழுக்கே இல்லாமலும் அளவு குறைவதுண்டு. புதிதாய்த் திரவம் நிரப்பும்போது உள்ளே சிறைப்பட்ட காற்று, ஓட்டத்திலே வெளியேறி இடம் விடும். நிலம் உலர்ந்திருக்க, குறைந்ததை ஒருமுறை நிரப்பிய பின் அளவு அசையாது நின்றால் கவலையில்லை.

மீண்டும் மீண்டும் குறையுமாயின் எஞ்சின் முற்றும் ஆறிய நிலையில் அழுத்தச் சோதனை செய்விக்க வேண்டும். ரேடியேட்டரின் வாயிலே கைப்பம்பைப் பூட்டி, மூடியிற் பொறித்த அளவுக்கு அழுத்தி, கால்மணி நேரம் முள்ளைக் கவனிப்பர். முள் இறங்கி வெளியே ஈரம் தெரிந்தால் நல்லதே. முள் இறங்கியும் வெளியே ஈரமில்லையேல் உள்ளே ஐயுற வேண்டும். எண்ணெய் பாற்கோப்பி நிறமாகியிருத்தல், சூடேறிய பின்னரும் புகைக்குழாயில் வெண்புகை நில்லாமை ஆகியவை தலைக் கெஸ்கட் போனதற்கு அறிகுறிகள். அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது. அலுமினியத் தலை வளைந்துவிட்டால் செலவு பன்மடங்காகும். சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பதோ அதனினும் கொடிது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுடும்.

குறைந்ததை நிரப்பக் கிணற்று நீரை வாளியில் அள்ளும் வழக்கமும் நம்மிடை உண்டு. கடலோர மணற்கிணற்று நீரில் உவர் கலந்திருப்பின் அது அலுமினியத்தை அரிக்கும். சுண்ணாம்பு மிகுந்த நீரோ நுண்குழாய்களை அடைக்கும். வாலைவடித்த நீரும் உரிய கூலன்ட்டும் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக விலக்கத்தக்கவையல்ல.

அம்பாறை, மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டி வைத்தியசாலைக்கு நோயாளியை அழைத்துச் செல்ல எண்ணுவோர், கராஜிலிருந்து எடுத்த அன்றே புறப்படற்க. பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற அந்த ஏற்றம் சோதனைக்கு ஏற்ற இடமன்று. காரைதீவு வரை ஒருமுறை ஓட்டி வந்து, இரவு முழுவதும் ஆறவிட்டு, தாங்கியில் நீர் நின்ற கோட்டைக் காலையிற் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி, மறுநாட் காலையும் பாருங்கள். அன்று கோடு இறங்காதிருந்தால் உம்மாவையும் வாப்பாவையும் ஏற்றிக்கொண்டு புறப்படலாம்.