மாஞ்சோலை பஸ் யாருக்கு?

பஸ்ஸில் ஏது சாதி என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் புதியம்புத்தூர்க்காரன். பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் சேர்த்து அழித்தது.

பெயருக்கே இந்தப் பாடு என்றால் வழித்தடத்துக்கு?

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறும் அரசு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் பம்பாய் பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய 8,373 ஏக்கர் அது. அங்கே தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அந்த மண்ணில் அவர்களுக்கு ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லை. கூலி கேட்டுக் கைதானவர்களை விடுவிக்கச் சொல்லி 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனபோது, தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள்.

2024-இல் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கித் தோட்டத்தை மூடினார்கள். (யாருடைய விருப்பமோ!) ஆள் குறைந்தால் வசூல் குறையும், வசூல் குறைந்தால் டிரிப் குறையும் என்பது டிப்போ கணக்கு. ஆஸ்பத்திரி, கோர்ட், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் கீழே. மலையில் முதலில் பஸ் நிற்கும். பிறகு அங்கே யாருமில்லை என்று கோப்பில் எழுதுவார்கள். கடைசிக் குடும்பத்துக்கு வீடும் நிலமும் கிடைக்கும்வரை ஒரு டிரிப்கூடக் குறைக்கக் கூடாது. நேர அட்டவணையை அந்த மக்களிடம் கேட்டுப் போடுங்கள். காலை முதல் வண்டி குதிரைவெட்டியிலிருந்து கிளம்பட்டும்.