சாகாத செடி

சென்ற மாதம், முன்னாளில் என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் என்னைக் காண வந்திருந்தான். கண்டியிலே ஒரு பாடசாலையிற் புதிதாக ஆசிரிய நியமனம் பெற்று, கட்டுகஸ்தோட்டையில் மேல்மாடி அறையொன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறான். பேச்சினிடையே, "ஐயா, அறை வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு செடி வைக்கலாம் என்று நினைக்கிறேன். சாகாத செடி ஒன்று சொல்லுங்கள்" என்றான். தமிழாசிரியனிடம் இலக்கணம் கேட்பார் உண்டு. செடி கேட்பார் அரியர். என் வீட்டு விறாந்தையைக் கண்டவன் ஆதலினாற் கேட்டான் போலும்.

சாகாத செடி உலகத்தில் இல்லை. எளிதிற் சாகாத செடிகள் உள. அவற்றைப் பற்றியும், அவற்றை வளர்க்கப் புகுவோர் மறந்துவிடும் ஒன்றைப் பற்றியும் அவனுக்குச் சொன்னவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். செடி வளர்ப்பதிற் பாடு குறையலாம். பொறுப்புக் குறையாது என்பதே என் கருத்து.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். இற்றைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கி வைத்த முதற்செடி ஓர் அந்தூரியம். காலைதோறும் நீராடித் திருநீறு அணிந்து, ஒரு செம்பு நீரை அதற்கு வார்ப்பதை நித்திய கருமமாகக் கொண்டேன். மூன்றாம் வாரத்தில் இலை மஞ்சளித்தது. நீர் போதவில்லை என எண்ணி மாலையிலும் ஒரு செம்பு வார்த்தேன். ஐந்தாம் வாரத்திலே தண்டு சாய்ந்தது. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபொழுது வேர்கள் கறுத்துக் கூழாகி நாற்றம் வீசின. அன்பினாற் கொன்றேன் என்று சொன்னால் நயமாக இருக்கும். அறியாமையாற் கொன்றேன் என்பதே உண்மை.

வேருக்கு நீர் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். மண்துகள்களின் இடைவெளியெல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். கண்டியோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ அமைந்த நகரம். பருவமழை இரண்டும் இதனை நனைக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையிற் கேட்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்து வெயிலிலே விரைந்து உலரும் சாடி இங்கே அறையினுள் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஆதலால் நாட்காட்டியைப் பார்த்து நீர் வார்த்தல் ஆகாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்க்க வேண்டும். விரல் ஈரமாக மீண்டால் செம்பை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் கற்கவேண்டிய முதற்பாடம் இந்த அடக்கமே. சாடியின் அடியில் துளை இருத்தல் இரண்டாவது பாடம்.

செடியைத் தேர்வதற்கு முன் அறையை அறிதல் வேண்டும். நண்பகலில் விளக்கேற்றாமல், செடி வைக்கக் கருதிய இடத்தில் இருந்து ஒரு பத்திரிகையை விரித்துப் பாருங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரியுமாயின், நிழல் பொறுக்கும் செடி அங்கே வாழும். தெரியாவிடின் யன்னலை நோக்கி நகருங்கள். கற்றாழைக்குப் பாடு குறைவு என்று பலர் வாங்குவர். அது வெயிலை விரும்புவது. மலைநாட்டு இருட்டறையிலே வெளிறி நீண்டு சோர்ந்துவிடும். செடியின்மேற் குற்றமில்லை, இடத்தின்மேலேயே குற்றம்.

அவ்வாறாயின் எதை வைப்பது? என் முதல் விடை மரல். மருள் என்றும் வழங்குவர். வாள்போல் நிமிர்ந்த தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைப்பது, அரைநிழலைப் பொறுப்பது, இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய் மீண்டாலும் முகங்கோணாதது. தமிழ் கற்போருக்கு இது புதிய உறவன்று. மழை வறண்ட நிலத்திலே விலங்கு மரலைத் தின்னும் காட்சி கலித்தொகையில் உண்டு. போரில் வீழ்ந்தவனின் நடுகல்லுக்குச் சூட்டும் கண்ணியை மரல்நாரினால் தொடுத்த செய்தி புறநானூற்றில் உண்டு. இவ்வினத்துள் ஈழத்துக்கு உரிய வகையின் தாவரவியற் பெயரிலேயே 'சிலோன்' என்பது 'செய்லானிக்கா' என்று அமைந்திருக்கின்றது. சிங்கள மக்கள் அதனை நியந்த என்பர். கண்டியை அடுத்த தும்பறையிலே பாய் நெய்வோர் அதன் நாரைக் கையாண்டதை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட தமது பெருநூலிற் பதிந்திருக்கிறார். இன்று 'பாம்புச்செடி' என்று கடைகளில் விற்கப்படும் மஞ்சட்கரை இலைச்செடி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதன் இனத்தது. இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றே: மணல் கலந்த மண், மண் முற்றும் உலர்ந்தபின் நீர், மழைக்காலத்தில் அதிலும் பாதி.

அடுத்தது, எல்லோரும் அறிந்த 'மணி பிளான்ட்'. இதில் உள்ள மணி நவமணியும் அன்று, கோயில் மணியும் அன்று, ஆங்கிலத்துக் காசு. களவாக ஒடித்து வந்து வைத்தாற் செல்வம் பெருகும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. அயலான் வேலியிற் களவெடுத்துத்தான் திருமகளை அழைக்க வேண்டுமாயின், அவ்வழைப்புக்கு அவள் இசைவாளோ என்பது என் ஐயம். கேட்டால் மறுப்பார் இல்லாத செடி அது. பசிபிக் மாகடலின் மூரியாத் தீவு அதன் தாயகம். மண்ணிலும் வளரும், நீர் நிரம்பிய போத்தலிலும் வளரும். வளர்ப்போனுக்கு வேலையே இல்லை. குழந்தைகள் இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

வேலையில்லாத இந்தச் செடியிடத்திலேதான் நான் சொல்ல வந்த பொறுப்புத் தொடங்குகிறது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். நானூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு, சாக்கடையைத் தேடுவதிலும் வீட்டைச் சுற்றித் தேங்கிய தெளிந்த நீரையே பெரிதும் நாடுவது. நம் அழகிய போத்தலும், சாடியின் கீழே வைத்த தட்டும் அதற்கு வாய்த்த இடங்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டவேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கிற் காத்திருக்க வல்லவை. இதற்கு நேரமில்லாதவர் போத்தலை விட்டு மண்ணில் நடுவதே நன்று.

இரண்டாவது பொறுப்பு வேலிக்கு அப்பால் உள்ளது. தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்திருக்கும் உடவத்தகலே வனம் 1938 இலிருந்து சரணாலயம். அங்கே மாணவர்களுடன் நடந்தபொழுது, நிலத்தை மூடிப் பரந்து மரங்களின்மேல் ஏறிநின்ற ஒரு கொடியைக் கண்டு, "ஐயா, இது என்ன?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள் வீட்டு யன்னலில் உள்ள அதே மணி பிளான்ட்தான். சாடியிலே உள்ளங்கை அளவாய் இருக்கும் இலை, மரமேறினால் முறம் அளவாகும்; அதனால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அச்செடி பூத்து விதை தருவது மிக அரிது. தண்டின் துண்டினாலேயே பெருகுவது. ஆகவே கடல் கடந்து வந்த அக்கொடி காட்டினுள் நிற்கின்றதெனின், அதன் முதற்றுண்டை ஒரு மனிதக் கையே அத்திசையில் எறிந்திருத்தல் வேண்டும். எறிந்தவர் தீயவர் அல்லர். வெட்டியதை எங்கே போடுவது என்று எண்ணாதவர். வெட்டிய தண்டை ஓடையிலோ காட்டோரத்திலோ எறியாது, சீமெந்துத் தரையில் வெயிலிலிட்டு முற்றும் கருகவிட்டு அகற்றுக.

ஒரு செடிக்கு இத்துணைப் பேச்சா என்பார் மலைநாட்டிலே அவ்வாறு சொல்லுதல் பொருந்தாது. 1821 இல் பேராதனையிலே தாவரவியற் பூங்கா அமைந்தது. 1824 இல் சீனத்திலிருந்து வந்த தேயிலைச்செடி அங்கே காட்சிப் பொருளாக நடப்பட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். பின்னர் அந்தச் செடி மலைகளின் காட்டையும், நம்மவர் பல இலட்சம் பேரின் தலைவிதியையும் மாற்றியது. நட்டவிடத்தோடு நின்றுவிடாத பொருள் செடி என்பதை நம்மினும் அறிந்தவர் யார்?

வீட்டுச்செடி அறையின் காற்றைத் தூய்மையாக்கும் என்றொரு விளம்பரமும் நடக்கிறது. நாசா நிறுவனத்தார் 1989 இல் வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு கூண்டினுள் நடந்தது. காற்றோட்டமுள்ள வீட்டிலே சில சாடிகளால் விளையும் பயன் மிக அற்பம் என்று பிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. பச்சை நிறம் கண்ணுக்குத் தரும் ஆறுதலும், நம்மைச் சார்ந்த ஓர் உயிர் இருக்கின்றது என்னும் எண்ணமும் போதாவோ?

என் சாடியிலிருந்து ஒரு மரற்கன்றைப் பிரித்து மாணவனிடம் கொடுத்தனுப்பினேன். மூன்று வாரம் சென்றபின் தொலைபேசியில் அழைத்தான். "ஐயா, இன்னும் ஒருமுறைதான் நீர் விட்டேன். பயமாக இருக்கிறது" என்றான். "விரலை வைத்துப் பார்த்தாயா?" என்றேன். "உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது ஐயா" என்றான். "அப்படியானால் பயத்தை விடு, செடி பிழைத்துக்கொள்ளும்" என்றேன்.