ஒரு கார்டில் தீரும் குறைக்குக் கம்ப்யூட்டரையே எறிவதா?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டுப் பிழைக்கும் சில மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள், தாங்கள் உழுதுவரும் நிலத்துக்கு உரிமை கேட்டு மனு எழுத நம்மிடம் வந்தன.

2006-ம் வருஷத்திய வன உரிமைச் சட்டம் என்ன சொல்லுகிறது? 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தை உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அது உழும் அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை உண்டு என்கிறது. ஊர் மூத்தோரின் வாக்குமூலம் ஒரு சாட்சியம். செயற்கைக்கோள் எடுத்த படமும் ஒரு சாட்சியம்.

அந்தக் காலத்துப் படம் ஒன்று கிடைத்தது. கள்ளக்குறிச்சியிலுள்ள நமது சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். வந்தது வினை! படமே பழசு, திரையோ அதைவிட மங்கல். சாமைக் கொல்லையும் புதர்க்காடும் ஒரே பச்சையாகக் குழம்பித் தெரிந்தன. வரப்பு எது, ஓடை எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க கொல்லைய இந்தப் பொட்டி காடுன்னு சொல்லுதே, தோழரே!" என்றார். நமக்குச் சுருக்கென்றது.

கடைக்காரர் சொன்ன தீர்ப்பு

பெட்டியை ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றோம். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பதினைந்து வருஷத்துப் பழசு. காயலாங்கடைக்குப் போடுங்கள். புதிதுக்கு முப்பதாயிரம் ஆகும்" என்றார்கள்.

முப்பதாயிரம் என்றால் எவ்வளவு? 2025-26-ம் வருஷத்துக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 90 நாள் மண் சுமந்த கூலி!

வேறோர் இடத்தில் ரிப்பேர் வேலை செய்யும் ஒரு வாலிபரிடம் போனோம். அவர் மூடியைக் கழற்றினார். வேலையை மூன்று படியாகச் செய்தார்.

முதலில், திரைக்குப் போகும் கேபிள். பழைய கேபிளில் 15 ஊசிகள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஊசி. ஒன்று வளைந்தாலோ தளர்ந்தாலோ அந்த நிறம் போய்விடும். சரியாக அழுத்தி மாட்டினாலே பல பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும். நமது கேபிளில் குற்றமில்லை.

இரண்டாவது, உள்ளே போட்டிருக்கும் புரோகிராம். திரைக்கு நிறம் அனுப்பும் பழைய சில்லுக்கு ஏற்ற புரோகிராம் புதிய சிஸ்டத்தில் இல்லை. ஆகவே யந்திரம் ஏதோ ஒப்புக்கு ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் 65,536 நிறங்கள். பச்சையில் 64 படிகள். சிவப்பிலும் நீலத்திலும் 32 படிகள்தான். புள்ளிகளும் குறைவு. 64 சாய நூலை வைத்துக்கொண்டு காட்டின் அத்தனை பச்சையையும் நெய்யச் சொன்னால் எந்தத் தறிதான் நெய்யும்?

மூன்றாவதாகத்தான் கார்டு. தாய்ப்பலகையில் காலியாக இருந்த ஸ்லாட்டில், பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினார். தனி மின்வயர் கேட்காத சிறிய கார்டு. பெரிய கார்டைப் போட்டால் பழைய பவர் சப்ளை தாங்காது என்றார். கார்டுக்கு ஏற்ற புரோகிராமைப் போட்டார். மூன்று நிறத்திலும் 256 படிகள் வந்தன. பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள்! செலவு 700 ரூபாய். இரண்டு நாள் கூலிக்குச் சற்று அதிகம்.

பெரியவர் மறுபடி வந்தார். திரையில் விரல் வைத்து, "இது என் தகப்பன் போட்ட வரப்பு" என்று காட்டினார்.

எல்லாப் பெட்டிக்கும் கார்டே மருந்து என்று நாம் சொல்லவில்லை. திரையே மங்கிப்போயிருந்தால் கார்டு மாற்றிப் பயனில்லை. வேறு நல்ல திரையில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

யாருக்கு லாபம்?

நமது பெட்டி பிழைத்தது எதனால்? அதில் திருகாணி இருந்தது, ஸ்லாட் இருந்தது. 2011-ல் தொடங்கி மாணவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த மடிக்கணினிகளுக்கு இந்த வசதி இல்லை. நிறம் காட்டும் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சில்லு கெட்டால் பலகை போச்சு. பலகை போனால் பெட்டி போச்சு!

மைக்ரோசாப்ட் கம்பெனி, விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்துவந்த பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11-ஐப் பழைய யந்திரங்கள் பலவற்றில் முறைப்படி ஏற்ற முடியாது. நன்றாக ஓடும் யந்திரம் ஒரே நாளில் கிழடு என்று முத்திரை குத்தப்படுகிறது. கிராபிக்ஸ் சில்லு விற்று வளர்ந்த என்விடியா கம்பெனியின் சந்தை மதிப்பு அதே மாதம் 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. எறியச் சொல்வது யாருடைய பெட்டியை நிரப்புகிறது என்பதை இனி விளக்க வேண்டுமா?

"புதிய யந்திரம் வேண்டாம் என்கிறீர்களா? விஞ்ஞானத்துக்கு விரோதிகளா?" என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. புதிய யந்திரம் வேகமானது. மின்சாரமும் குறைவாகக் கேட்கலாம். தேவையானபோது வாங்கத்தான் வேண்டும். ஆனால், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பேரிங் தேய்ந்ததற்காக ஆலையையே எடைக்குப் போடுவார்களா? கழற்றுகிறார்கள், மாற்றுகிறார்கள், மறுபடி ஓட்டுகிறார்கள். ஆலைக்கு உள்ள நியாயம் கம்ப்யூட்டருக்கு ஏன் கூடாது?

செய்ய வேண்டியது

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பரில் ஓர் இணையத்தளம் திறந்தது. இணையத்தளம் சட்டமாகுமா? ஐரோப்பிய யூனியன் 2024-ல் இதற்கென்று சட்டவிதியே செய்திருக்கிறது. இங்கும் சட்டம் வேண்டும்.

இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லட் தருவதாக மாநில சர்க்கார் 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. நல்ல காரியம். வரவேற்கிறோம். ஆனால் சர்க்கார் பணத்தில் வாங்கும் யந்திரத்தைத் திறந்து பழுது பார்க்க முடியவேண்டும். உதிரி சாமான் பல வருஷம் கிடைக்கவேண்டும். கல்வராயன் மலை உட்பட ஒவ்வொரு தாலுகாவிலும் ரிப்பேர் நிலையம் வேண்டும். இவற்றை டெண்டரிலேயே எழுதவேண்டும் என்று கேட்கிறோம். ஐ.டி.ஐ.யில் படிக்கும் நமது பிள்ளைகளுக்கு அதில் வேலையும் உண்டு.

தோழர்களே! உங்கள் சங்கத்திலோ, பிள்ளை படிக்கும் பள்ளியிலோ நிறம் மங்கிய பழைய கம்ப்யூட்டர் மூலையில் கிடக்கிறதா? எடைக்குப் போடாதீர்கள். கேபிளைப் பாருங்கள், புரோகிராமைப் பாருங்கள், கார்டைப் பாருங்கள். மூடியைத் திறக்காமலே "எறி" என்று சொல்பவனிடம், "ஏன்?" என்று கேளுங்கள். அந்தப் பெரியவரின் மனு இப்போது கிராம சபையில் இருக்கிறது. எறியச் சொன்ன பெட்டியில் பார்த்து எடுத்த படம்தான் அதோடு இணைக்கப்பட்டிருக்கிறது.