அழைப்பிதழில் கலைஞருக்கு இடம் எங்கே?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஆலயங்கள் அடைபட்டன. பூசைகளை முகநூல் நேரலையில் காட்டினோம். அது அன்றைய தேவை. இன்றோ கதவுகள் திறந்திருந்தும் நாதஸ்வரக் கச்சேரிக்கு முன்வரிசைகூட நிரம்புவதில்லை. சென்ற திருவிழாவில் தவில் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குறை நம்முடையதே. வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பிதழில் உபயகாரர் பெயர்கள் பத்து வரி. கலைஞருக்கு, கடைசியில் ஒரு வரி. (உபயகாரப் பெருமக்கள் சினம் கொள்ளலாகாது.) எத்தனை மணிக்கு, யார் வாசிக்கிறார் என்பதும் தெளிவாக இராது. மல்லாரி சுவாமி புறப்பாட்டிற்குரியது என்பதையே அறியாத இளையோர் பலர். அவர்களுக்கு ஒரு நிமிட மல்லாரியை ஒலிப்பதிவு செய்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி விளக்கத்துடன் அனுப்புவோம். முழுக் கச்சேரியையும் நேரலையில் விடவேண்டா. கேட்க விரும்புவோர் மண்டபத்துக்கு வரட்டும்.

அடுத்த அழைப்பிதழில் கலைஞர் பெயரை மேலே இடுமாறு செயற்குழுவில் முன்மொழிய இருக்கிறேன்.