புகார்க் குழு துணைவேந்தரின் குழுவாகக் கூடாது

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜேஎன்யு) நிர்வாகக் குழு 2017 செப்டம்பர் 18 அன்று எடுத்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாக அந்த வளாகத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரித்துவந்த ‘ஜிஎஸ்கேஷ்’ குழுவை ஒரே கூட்டத்தில் கலைத்துவிட்டு, நிர்வாகமே ஆள் பார்த்து நியமிக்கும் உள்ளகப் புகார்க் குழுவை அந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். மாணவர் சங்கம் எதிர்த்தது. ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. குழுவில் இருந்தவர்களே எதிர்த்தார்கள். எல்லோருக்கும் நிர்வாகம் தந்த பதில் ஒன்றுதான்: பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இப்படித்தான் சொல்கிறது.

விதி அப்படிச் சொல்லவில்லை. 2016 மே மாதம் அரசிதழில் வந்த அந்த விதிமுறைகளை எடுத்துப் படித்தாலே போதும். இதே நோக்கத்தோடு ஏற்கெனவே இயங்கிவரும் அமைப்புகளை உள்ளகப் புகார்க் குழுவாகத் திருத்தி அமைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக ஜிஎஸ்கேஷின் பெயரே குறிப்பிடப்பட்டிருக்கிறது. உறுப்பினர் அமைப்பில் குறை இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள், நடைமுறையில் வேறுபாடு இருந்தால் விதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். திருத்தச் சொன்ன விதியைக் காட்டிக் கலைத்திருக்கிறார்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1997-இல். நாட்டின் பெரும்பாலான கல்வி நிறுவனங்கள் அந்தத் தீர்ப்பைக் கோப்பில் வைத்துப் பூட்டியிருந்த காலத்தில், இரண்டே ஆண்டுகளில், 1999-இல் ஜிஎஸ்கேஷ் பிறந்தது. மாணவர்கள் வாக்களித்து அனுப்பிய பிரதிநிதிகள் அதில் இருந்தார்கள். ஆசிரியர், ஊழியர் பிரதிநிதிகளும் வெளியிலிருந்து வந்த உறுப்பினர்களும் இருந்தார்கள். விடுதி மாணவி ஒருத்தி புகார் சொல்லப் போனால், தான் ஓட்டுப் போட்டு அனுப்பிய அக்கா ஒருத்தி அந்த அறையில் இருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். இந்த நம்பிக்கையை எந்தச் சுற்றறிக்கையாலும் உண்டாக்க முடியாது.

நியாயமான விசாரணை என்று எல்லோரும் பேசுகிறார்கள். விசாரிப்பவரை நியமிப்பது யார் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை. மானியக் குழு விதியிலேயே இந்தக் கவலை தெரிகிறது. துணைவேந்தர், பதிவாளர், புல முதல்வர்கள், துறைத் தலைவர்கள் யாரும் புகார்க் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அது தடுக்கிறது. காரணம் வெளிப்படை. அதிகாரத்தில் இருப்பவரின் நிழல் விசாரணையின் மேல் விழக் கூடாது. ஆனால், குழுவில் உட்கார முடியாத அதே அதிகாரத்துக்கு, குழுவில் யார் உட்கார்வது என்று முடிவுசெய்யும் உரிமையை அந்த விதியே கொடுத்துவிடுகிறது. தலைவரையும் ஆசிரியர், ஊழியர் உறுப்பினர்களையும் நிர்வாகம்தான் நியமிக்கும். மாணவர் உறுப்பினர் மூவர் மட்டும் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. அவர்களும் மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரங்களில் மட்டும்தான் அமர்வார்கள். விதியில் இருக்கும் இந்த ஓட்டையை ஜேஎன்யுவில் பதினெட்டு ஆண்டு மரபு அடைத்து வைத்திருந்தது. அந்த அடைப்பைத்தான் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

நியமிக்கப்படும் ஆசிரியரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு துணைவேந்தர் அலுவலகத்தில் இருக்கிறது. விடுப்பு, வளாகத்துக்குள் வீடு, வெளிநாட்டுக் கருத்தரங்குக்கான அனுமதி எல்லாமே அந்த வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். நாளை நிர்வாகத்துக்கு வேண்டிய ஒரு பேராசிரியர் மீது ஓர் ஆய்வு மாணவி புகார் கொடுக்கிறார் என்றால், அந்த ஆசிரியர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்? அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நேர்மையானவர் என்று அந்த மாணவி எப்படி நம்புவாள்? ஆய்வு மாணவியின் நிலை இன்னும் மோசம். வழிகாட்டி கையெழுத்து போடாவிட்டால் ஆய்வேடு நகராது, உதவித்தொகை நின்றுவிடும். ஐந்தாறு ஆண்டு வாழ்க்கை ஒரு மனிதரின் பேனா முனையில் இருக்கிறது. அப்படிப்பட்ட பெண்ணிடம், “உன் புகாரை அவருடைய சக ஊழியர்கள் விசாரிப்பார்கள், அவர்களை அவருடைய மேலதிகாரி நியமிப்பார்” என்று சொன்னால் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

குற்றம் சாட்டப்படும் மாணவனின் பக்கத்திலிருந்தும் இதையே பார்க்க வேண்டும். அவனுக்கும் நியாயம் வேண்டும். புகாரின் நகல் ஏழு நாட்களுக்குள் அவன் கைக்கு வர வேண்டும், பதில் சொல்லப் பத்து நாள் தர வேண்டும், தொண்ணூறு நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும், மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு, விசாரணைக் காலத்தில் அவனுடைய அடையாளமும் வெளியே வரக் கூடாது என்றெல்லாம் விதியில் இருக்கிறது. நல்ல விதிகள். குற்றம் உறுதியானால் விடுதியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் அவனை நீக்கலாம். ஓர் இளைஞனின் எதிர்காலமே போய்விடக்கூடிய தண்டனை அது. அதை விதிப்பவர்கள் யாருக்கும் கடமைப்படாதவர்களாக இருக்க வேண்டாமா? ஜேஎன்யு போன்ற வளாகத்தில் நிர்வாகத்தை எதிர்த்துக் கோஷம் போடாத மாணவர் அமைப்பு அரிது. கோஷம் போட்டவன் மீது நாளை ஒரு புகார் வந்தால், நிர்வாகம் நியமித்த குழு தன்னைப் பழிவாங்குகிறது என்று அவன் சொல்வான். அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எதுவானாலும் புகார் கொடுத்த பெண்ணுக்குக் கிடைத்த நீதியின் மேலும் கறை படியும். நியமனக் குழுவால் இரண்டு தரப்பும் கெடுகின்றன.

ஜிஎஸ்கேஷ் இடதுசாரிகளின் கூடாரம், அவர்கள் தங்கள் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஆனால் 2016 ஆகஸ்டில் இடதுசாரி மாணவர் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் மீதே சக மாணவி பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். அமைப்பு அவரை வெளியேற்றியது, காவல்துறை கைது செய்தது. குழுவில் தாமதங்கள் இருந்தன, அரசியல் சச்சரவுகளும் இருந்தன. அவற்றைத் திருத்தியிருக்கலாம். தில்லியின் கல்வி நிறுவனங்களில் மிக அதிகமான புகார்கள் பதிவானது ஜேஎன்யுவில்தான் என்பதை அந்த வளாகத்தின் இழிவாகக் காட்டுகிறவர்களும் உண்டு. புகார் பதிவாகாத கல்லூரிகளில் துன்புறுத்தலே இல்லை என்று நம்புகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். பெண்கள் பயமில்லாமல் வந்து பேசிய இடத்தில்தான் எண்ணிக்கை கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, கலைத்தபோது நிலுவையில் இருந்த புகார்களின் கதி என்ன? அந்தக் கோப்புகளில் பெண்களின் வாக்குமூலங்கள் இருந்தன. சாட்சிகளின் பெயர்கள் இருந்தன. வீட்டில் சொல்லாததை, தோழியிடம்கூடச் சொல்லாததை, இந்தக் குழுவின் மேல் வைத்த நம்பிக்கையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதங்களை இன்னொருவர் கையில் ஒப்படைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பதில் மனுக்களும் அங்கேதான் இருந்தன. பாதி விசாரணையில் நின்ற வழக்கைப் புதிய குழு முதலிலிருந்து தொடங்குமா, விட்ட இடத்திலிருந்து தொடருமா? ஒருமுறை சாட்சி சொன்ன பெண் மறுபடியும் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அதே கொடுமையை விவரிக்க வேண்டுமா? ஒரு நிர்வாகத்துக்கு மனசாட்சி இருந்தால், கலைப்பதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டிய முதல் விஷயம் இது.

இதே கைகள் இதற்கு முன் நியமித்த குழுக்களின் லட்சணத்தையும் நாடு பார்த்திருக்கிறது. வளாகத்தில் சர்ச்சையைக் கிளப்பிய 2016 பிப்ரவரி 9 மாணவர் நிகழ்ச்சிக்குப் பிறகு உயர்நிலை விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார்கள். ஏப்ரலில் மாணவர்கள் மீது நீக்கமும் அபராதமும் பாய்ந்தன. தங்கள் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்பே தரப்படவில்லை என்று மாணவர்கள் பட்டினி கிடந்தார்கள், நீதிமன்றம் போனார்கள். தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தண்டனையை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. நியமனக் குழுவின் விசாரணை எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதே ஆண்டு அக்டோபரில் விடுதி மாணவர் ஒருவர் முந்தைய இரவு நடந்த அடிதடிக்குப் பிறகு காணாமல் போனார். நிர்வாகத்தை அசைக்க மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தையே முற்றுகையிட வேண்டி வந்தது. 2017 மே மாதம் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. அந்த மாணவரின் தாய்க்குப் பதில் கிடைக்கவில்லை.

2017-இல் எம்.பில்., பிஎச்.டி. இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார்கள். அதற்கும் மானியக் குழுவின் விதியைத்தான் காட்டினார்கள். ஆய்வுச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்று எழுதிய சேலத்து ஆய்வு மாணவர் மார்ச் மாதம் தில்லியில் இறந்து கிடந்தார்.  அதே ஆண்டு ஜூலையில், மாணவர்களுக்கு நாட்டுப்பற்றை நினைவூட்ட வளாகத்தில் ராணுவ டாங்கி ஒன்றை நிறுத்த உதவுங்கள் என்று மத்திய அமைச்சர்களிடம் கேட்பதற்கு இவர்களுக்கு நேரம் இருந்தது. மாணவர்களை எதிரிகளாகப் பார்க்கும் இந்தப் புத்திதான் ஜிஎஸ்கேஷைக் கலைத்த புத்தியும்.

முடிவு வந்த மூன்றாம் நாளே அதன் பொருள் என்ன என்று வாரணாசி காட்டிவிட்டது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் செப்டம்பர் 21 மாலை விடுதிக்குத் திரும்பிய மாணவியை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் துன்புறுத்தினார்கள். பாதுகாவலர் உதவவில்லை என்றும், இந்த நேரத்தில் வெளியே என்ன வேலை என்று தன்னையே கேட்டார்கள் என்றும் அந்த மாணவி சொன்னார். மாணவிகள் வாயிலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டவை தெருவிளக்கு, கண்காணிப்பு கேமரா, புகாரைக் காது கொடுத்துக் கேட்க ஒரு முறை. 23-ஆம் தேதி இரவு அவர்களுக்குக் கிடைத்தது தடியடி. பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட, அடையாளம் தெரியாத மாணவர்கள் மீது வழக்கு. வாரணாசியில் மாணவிகள் நம்பக்கூடிய ஒரு புகார்க் குழு இருந்திருந்தால் அவர்கள் வாயிலுக்கு வந்திருக்கவே மாட்டார்கள். அப்படியொரு குழு இல்லாத ஊரில் தடியால் அடிக்கிறார்கள், இருக்கிற ஊரில் அதைக் கலைக்கிறார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் துணைவேந்தர்களை அனுப்புவது ஒரே அமைச்சகம்தான்.

வளாகக் குழு எதற்கு, காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கின்றனவே என்று கேட்பவர்களும் உண்டு. ஹரியானாவின் தனியார் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில், சக மாணவியின் படங்களைக் காட்டி மிரட்டி வன்கொடுமை செய்ததாக மூன்று மாணவர்களுக்கு 2017 மார்ச் மாதம் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13-இல் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்து அவர்களுக்கு ஜாமீன் கொடுத்தது. அந்த உத்தரவில் அந்தப் பெண்ணின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைப் படித்த எந்த மாணவியும் நீதிமன்றப் படியேறத் தயங்குவாள். வளாகத்துக்குள் நம்பிக்கையான ஓரிடம் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதுவே போதும்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தில்லி விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் தேர்தலே நடப்பதில்லை. தேர்தல் இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் உறுப்பினர் எங்கிருந்து வருவார்? குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் முதல்வர் அறைக்கு வெளியே பலகையில் தொங்கும். அதில் இருப்பவர்களிடம் புகார் சொன்ன மாணவியைக் காண்பது அரிது. ஜேஎன்யுவின் முன்மாதிரி இருந்தவரை, அங்கே முடிகிறதே இங்கே ஏன் முடியாது என்று கேட்க முடிந்தது. அந்த வாயையும் இப்போது அடைத்துவிட்டார்கள்.

நிர்வாகம் தன் முடிவை உடனே கைவிட வேண்டும். கோப்புகள் எவர் கைக்கும் போகாமல் இருக்கும் இடத்திலேயே பத்திரமாக இருக்க வேண்டும். விதியில் உள்ள நியமன அதிகாரத்தை மானியக் குழு மறுபரிசீலனை செய்து, புகார் கொடுப்பவரும் புகாருக்கு உள்ளானவரும் ஒருசேர நம்பும்படியான சுதந்திரமான அமைப்பு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வருவதற்கு வழி செய்ய வேண்டும். அதுவரை எந்த மாணவியும் இந்த நியமனக் குழுவின் முன் போய் நிற்கக் கடமைப்பட்டவள் அல்ல. மாணவர்களும் ஆசிரியர்களும் இந்த விஷயத்தில் பின்வாங்கக் கூடாது.