கையை வியந்து ஆளை இழிப்பதோ?

2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடவர் ஆடை அணிவகுப்பில் கோலாப்பூர்ச் செருப்புகள் மேடையேறின. பிறந்த ஊரின் பெயர் அவற்றுக்கு இல்லை. ‘தோல் செருப்பு’ என்று மட்டுமே குறிக்கப்பட்டன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பொருளைக் களவாடிவிட்டார்களே என்று நாடு கொதித்தது. எதிர்ப்புக்குப் பணிந்து நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. டிசம்பரில் மராட்டிய, கர்நாடக அரசு நிறுவனங்களோடு உடன்பாடு கண்டு, 2,000 இணைகளை இங்கேயே செய்வித்து, இணை ஒன்றைச் சுமார் 800 யூரோவுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. தேசப் பெருமை மீண்டது என்று முழங்கியவர்கள் மனநிறைவோடு கலைந்தனர்.

நாம் எழுப்புவது வேறு கேள்வி. காலணி செய்யக் கற்றவர் யார்? அந்தக் கல்விக்கு இந்நாடு கொடுத்த விலை என்ன?

ஓர் இணை ஷூவைக் கையால் செய்யக் கற்பது எளிய காரியமன்று. தோலை விரலால் இழுத்துப் பார்த்தே அது எந்தத் திசையில் நெகிழும், எந்தத் திசையில் நிற்கும் என அறிந்து வெட்ட வேண்டும். மடிக்க வேண்டிய ஓரத்தை மெல்லிதாகச் சீவ வேண்டும். கத்தி சற்றே ஆழ்ந்தாலும் தோல் வீண். மேல்தோலை அச்சின்மீது சுருக்கம் விழாமல் இழுத்துப் படியவைத்து, அடித்தோலோடு பிணைக்க வேண்டும். குத்தூசி இட்ட துளை பிசகினால் அதை மறைக்க வழியில்லை. ஒற்றை ஷூ அழகாக அமைந்தாலும் போதாது. இணை பொருந்த வேண்டும். பல ஆண்டு உழைப்பில் கைவரும் இந்த அறிவுக்கு நம் சமூகம் இட்ட பெயர் ‘சாதித் தொழில்’.

இந்த வஞ்சம் பழையது. புறநானூற்றின் 82ஆம் பாடலில், போரின் விரைவுக்கு உவமை தேடிய புலவர், தோல்வாரால் கட்டில் பிணிப்பவனின் கையில் ஓடும் ஊசியைக் கண்டார். அந்தக் கையின் வேகத்தை வியந்த அவரே, கைக்குரியவனை ‘இழிசினன்’ என்றார். மிலான் மேடை செய்ததும் அதுவே: செருப்பு வேண்டும், செய்தவன் பெயர் வேண்டாம்.

மிலானை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க இயலாது. கை ஷூத் தொழிலின் பெரும் மையமான ஆக்ராவில் தலித் ஜாதவ் குடும்பங்கள் தலைமுறைகளாக இத்தொழிலில் உள்ளன. ஹிங் கி மண்டிச் சந்தைக்குச் சரக்கைச் சுமந்துசெல்லும் கைவினைஞருக்கு வணிகர் ரொக்கம் தருவதில்லை. பல வாரங்கள் கழித்துப் பணமாகும் ‘பர்ச்சி’ என்னும் துண்டுச்சீட்டைத் தருகிறார். அடுப்பு எரிய வேண்டுமே! அந்தச் சீட்டைத் தரகரிடம் கழிவுக்கு விற்றுக் குறைந்த தொகையோடு வீடு திரும்புகிறார் தொழிலாளி. தன் கூலியைப் பெறுவதற்கே வட்டி கட்டுகிறவர் அவர். இதற்காகக் கொதித்த தேசபக்தர் எத்தனை பேர்? 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் காரோடு கட்டிவைத்து அடித்தது ‘பசுப் பாதுகாப்பு’க் கும்பல். தோல் எடுப்பவனை அடித்துவிட்டுத் தோல் செருப்பால் பெருமை கொள்வது என்ன நியாயம்?

ஒன்றிய பாஜக அரசின் விடை, 2023 செப்டம்பரில் தொடங்கிய ‘விஸ்வகர்மா’ திட்டம். 18 தொழில்கள், அவற்றுள் காலணித் தொழிலும் ஒன்று. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள். உதவித்தொகை நாளுக்கு 500 ரூபாய். பல ஆண்டுக் கல்வியை ஒரு வாரத்தில் அடக்குவது கேலிக்கூத்து. அதைவிடக் கொடியது, குடும்பவழித் தொழிலை வலுப்படுத்துவதே நோக்கம் என்ற அதன் பிரகடனம். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியை எதிர்த்து வீழ்த்திய மண் இது. இத்திட்டத்தை இப்போதுள்ள வடிவில் ஏற்கத் தமிழ்நாடு மறுத்ததன் பொருள் அதுவே.

‘அப்படியானால் தொழில் கற்பது இழிவா? மரபுத் திறன் அழியட்டுமா?’ என்று கேட்பார்கள். தொழில் கற்பது இழிவன்று. பிறப்பைக் காட்டி ஒருவன்மேல் அதைச் சுமத்துவதே இழிவு. திறனை அழிப்பதும் பள்ளிக்கூடம் அன்று. வயிறு நிரம்பாத கூலி. வேதம் ஓதும் குடும்பத்துப் பிள்ளையும் அச்சின்மீது தோல் இழுக்கக் கற்கட்டும். செருப்புத் தைப்பவரின் மகள் விரும்பினால் மருத்துவம் கற்கட்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. சீட்டு முறையை ஒழித்து, சரக்கு கைமாறும்போதே பணம் தரச் சட்டம் வேண்டும். வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள் உட்பட அனைவருக்கும், ஓர் இணைக்குச் செலவாகும் உண்மையான நேரத்தைக் கணக்கிட்டுத் திறன்மிகு தொழிலாளருக்குரிய குறைந்தபட்சக் கூலி வேண்டும். ஆக்ராவிலும் சென்னையிலும் ஏற்கெனவே உள்ள ஒன்றிய அரசின் காலணிப் பயிற்சி நிலையங்கள் எச்சாதிப் பிள்ளைக்கும் கட்டணமின்றித் திறக்கப்பட வேண்டும். அங்கே கைவினைஞர்கள் ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அமர வேண்டும். அரசு வாங்கும் காலணிகளில் ஒரு பங்கு அவர்களின் கூட்டுறவுகளிடமிருந்து வாங்கப்பட வேண்டும்.

இவற்றை எந்தப் பெருநிறுவனத்தின் உடன்பாடும் பெற்றுத் தராது. தொழிற்சங்கமும் சாதி ஒழிப்பு இயக்கமும் ஒரே கொடியின்கீழ்ப் போராடினால்தான் கிட்டும். அதற்கான அணிதிரட்டலைக் காலணித் தொழிலாளர் வாழும் தெருக்களிலிருந்து தொடங்குவோம், தோழர்களே!