படமெடுத்த பொன்

கரூரில் ரோமானிய நாணயங்கள் கிடைத்தமையால், நம் பெண்டிரின் சர்ப்பாபரணங்களும் ரோமாபுரி தந்தவையே என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலாது. நாணயம் வணிகத்துக்குச் சாட்சியாகுமேயன்றிப் பொற்கொல்லன் கைக்குச் சாட்சியாகாது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயில் அகப்பட்ட நகைகளில் உள்ளது, உடல் வளைந்து நுனியில் தலைநீட்டும், படமற்ற பாம்பு. நம்முடையதோ நாகம். பாலக்கோட்டில் அரசும் வேம்பும் பின்னிய மேடையில், மஞ்சள் பூசிக் குங்குமமிட்ட நாகக்கல்லை அருகிருந்து நோக்கியவர், பிணைந்த உடல்களின்மேல் விரிந்த அதே படம் மணப்பெண்ணின் சடைநாகத்திலும் விரிவதைக் காண்பார். தென்பாண்டிக் காதணியான பாம்படத்திலோ, மெல்லிய பொன்தகட்டை உருண்டையும் சதுரமுமாக்கி, உள்ளே அரக்கு நிரப்பிய சாதுரியத்தில், சர்ப்பத்தின் உருவமே கரைந்து பெயர் மாத்திரம் எஞ்சிற்று. இவ்விரு வடிவங்களில் ஒன்றையேனும் எந்த ரோமானிய மோதிரத்தில் கண்டார் என்பதை நண்பர் காட்டட்டும்.